எந்திரப் பாவையும் அளவை நூலும்

நன்று இது, தீது இது எனப் பகுத்தறிந்து, அறிந்தவாறே ஒழுகுதல் மக்கட்கே உரியதொரு சிறப்பென்று எந்நாட்டு அறநூலாரும் பெரும்பாலும் ஒருப்பட்டுக் கூறிப்போந்தனர். விலங்கு இயற்கை உந்தியவாறு இயங்கும். கருவி ஏந்தினான் கைவழி நிற்கும். இன்னது செய்வல், இன்னது ஒழிவல் என இடைநின்று ஓர்பவன் மகன் ஒருவனே. இவ்வரையறை நெடுங்காலம் ஐயுறப்படாது நின்றது. இஞ்ஞான்றோ, கருவிகளுள் ஒருசாரன ஏந்தினான் கையை விட்டகன்று, மக்கள் வாழும் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் புகுந்து, கேட்டும் பேசியும் மருந்து நினைவூட்டியும் உடனுறையத் தலைப்பட்டன. இவற்றை மேனாட்டார் ரோபோ என்பர். செக் மொழியிற் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் ரொபோட்டா என்னுஞ் சொல்லினின்று பிறந்த இப்பெயர், காரெல் சாப்பெக் என்பார் 1920-ஆம் ஆண்டு வெளியிட்ட நாடகத்தால் உலகெங்கும் பரவியது. அந்நாடகத்தில் ஊழியஞ் செய்யப் படைக்கப்பட்டவை ஈற்றில் மக்களையே அழிக்க முற்படும். அத்தகைய பேரச்சம் ஈண்டு வேண்டா. நம் வினா அதனினும் மிகச் சிறியது. ஆயினும் அணித்தாக நிற்பது.

நோயாளியின் கட்டிலருகே நிற்கும் எந்திரப் பாவை ஒன்று, இது செய்யத்தகும், இது தகாது என்னுந் துணிபை எங்ஙனம் எய்தும்? குறியீடுகளாலும் வாய்பாடுகளாலும் இயலும் அளவை நூலை அதற்கு ஊட்டிவிடின் அஃது அறவழி நிற்குமா? நிற்குமெனின், அவ்வறம் யாருடையது?

இவை ஓய்ந்திருப்பார் பொழுதுபோக்கும் வினாக்கள் எனச் சிலர் கருதுதல் கூடும். ஜப்பான் நாட்டில் 2023-ஆம் ஆண்டில் 100 பேருள் ஏறத்தாழ 29 பேர் 65 வயது நிரம்பியவர். அவர்களைப் பேணுதற்குரிய கைகள் அந்நாட்டிற் போதியவாறு இல்லை. சீல் என்னுங் கடல்வாழ் உயிரின் குட்டி வடிவிற் செய்யப்பட்ட பாரோ என்னும் பாவை, ஆண்டு 2005 முதல் விற்கப்பட்டு, மறதி நோயுற்ற முதியோர் மடியிற் கிடத்தித் தடவிக்கொள்ளும் துணையாயிற்று. பாரோ சொல்லாடாது; ஆதலின் பொய்யும் உரையாது. அதற்குப் பின் வந்தவை சொல்லாடுகின்றன. இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகின்றது.

ஒரு நிலையை எடுத்துக்கொள்வாம். முதியோர் இல்லம் ஒன்றில் மறதி நோயுற்ற மூதாட்டி ஒருத்தி இருக்கின்றாள் எனக் கொள்க. அவள் கணவர் இறந்து பல்லாண்டு கழிந்தன. அவ்விறப்பினை அவள் மறந்தாள். மாலைதோறும், "அவர் வந்துவிட்டாரா?" என அருகில் நிற்பாரை வினவுகின்றாள். இறந்துபட்டார் என விடையிறுத்தால், அவளுக்கு அஃது அன்றே கேட்குஞ் செய்தி. அன்றே கைம்மை எய்தினாள் போல அழுவாள். மறுநாள் மாலை அழுததனையும் மறந்து மீண்டும் வினவுவாள். நாளை வருவார் எனின், அமைதியுற்று உறங்குவாள்; ஆயின் அது பொய். செவிலியருள் ஒருசாரார் உண்மையே உரைப்பர். ஒருசாரார் பொய்யுரைத்து ஆற்றுவர். வேறு சிலர், "அவரைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள், அம்மா" எனப் பேச்சினைப் பிறிதொரு வழியிற் செலுத்துவர். இவருள் யார் செய்வது தக்கதென்பதில் அத்துறையாருள்ளேயே ஒருமைப்பாடு இல்லை. இப்பொழுது அக்கட்டிலருகே செவிலிக்குப் பதிலாக எந்திரப் பாவை நிற்கின்றது. மாலையாயிற்று. மூதாட்டி வினவுகின்றாள்.

இதற்கு அளவை நூல் யாது உதவி செய்யும் என்பதை அறிதற்கு, அந்நூலின் ஒரு பகுதியைச் சிறிது நோக்குதல் வேண்டும். கருத்துக்களை எல்லாங் குறியீடுகளாக்கிவிடின், அறிஞர்தம் வழக்குகளை வாதாடித் தீர்ப்பதினுங் கணக்கிட்டுத் தீர்த்துவிடலாம் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே லைப்னிட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவாவினர். உள்ளது, இல்லது என்பன பற்றிய வழக்குகளில் அவ்வவா ஓரளவு நிறைவேறிற்று. ஆயின், செய்க, செய்யற்க என்பனவற்றை அவ்வாறு குறியீட்டில் அமைக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டிலேதான் உருப்பெற்றது. ஆஸ்திரிய நாட்டு எர்ன்ஸ்ட் மாலி 1926-இல் ஒரு நூல் செய்தார்; அதன்கட் குறையிருந்தது. பின்லாந்து நாட்டு வான் ரைட் என்பார் 1951-இல் மைண்ட் என்னும் இதழில் எழுதிய கட்டுரையே இத்துறைக்கு அடிப்படையாயிற்று. கடப்பாடுகளைப் பற்றியதாகலின் அதனைக் கடப்பாட்டு அளவை எனக் கூறலாம். அதன் உயிர்நிலை எளிது. ஒரு செயல் விதிக்கப்பட்டதாயின், அதனைச் செய்யாமை விலக்கப்பட்டது. ஒரு செயல் இசைவுடையதாயின், அதனைச் செய்யாமை விதிக்கப்படவில்லை. விதி, விலக்கு, இசைவு என்னும் மூன்றனுள் ஒன்றனைக் கொண்டே ஏனை இரண்டனையும் வரையறுத்துவிடலாம். இவ்வளவினைக் கணிப்பொறி நொடிப்பொழுதிற் கற்றுக்கொள்ளும்.

கற்றபின் நிகழ்வதுதான் வியப்பு. டென்மார்க் நாட்டுச் சட்ட அறிஞர் ஆல்ப் ராஸ் 1941-இலேயே ஒரு முடிச்சினைக் காட்டினார். ஒன்று மெய்யாயின், "அதுவாதல் பிறிதொன்றாதல்" என்பதும் மெய்யாதல் அளவை நூலார்க்கு ஒப்ப முடிந்தது. அவ்வழியே, "மருந்தினைக் கொடு" என்னும் விதியினின்று, "மருந்தினைக் கொடு, அல்லது கீழே கொட்டு" என்னும் விதி பிறக்கும். கொட்டிவிட்ட பாவை, தான் ஒரு விதியினை நிறைவேற்றியதாகச் சாதிக்கலாம்! இது சிறுபிள்ளை வாதம் போலத் தோன்றினும், பொறிக்கும் சிறுபிள்ளைக்கும் இவ்வகையில் வேற்றுமை பெரிதில்லை; கூறியதன் கருத்தை உணராது கூறியதையே பற்றிக்கொள்ளுதல் இரண்டற்கும் இயல்பு.

இதனினும் ஆழமானது, அமெரிக்க நாட்டுச் சிஷோம் என்பார் 1963-இற் காட்டியது. அவர் எடுத்துக்காட்டை விடுத்து, நம் பாவைக்கு ஏற்ப அதனை அமைத்துக் காண்பாம். பாவை உரிய வேளையில் மருந்து கொடுத்தல் வேண்டும். கொடுத்தால், கொடுக்கப்பட்டது எனக் குறிப்பேட்டில் எழுதும் முறைமையும் வேண்டும். கொடாவிடின் அவ்வாறு எழுதலாகாது. இனி, ஏதோ ஒரு காரணத்தால் மருந்து கொடுக்கப்படவில்லை. இந்நான்கும் யார்க்கும் தெளிவாக விளங்குவன, ஒன்றோடொன்று முரணாதன. ஆயினும், இவற்றை வான் ரைட் வழிவந்த வாய்பாட்டில் இட்டால், எழுதுதல் வேண்டும் என்பதூஉம் எழுதலாகாது என்பதூஉம் ஒருங்கே விளைகின்றன. என்னை? விதிகள் எல்லாம் தவறாது நிறைவேறும் உலகினை நோக்கியே அவ்வளவை வகுக்கப்பட்டது. ஒரு கடமை தவறிய பின்னர் எஞ்சிய கடமை யாது என வினவின் அது தடுமாறும். மக்கள் வாழ்க்கையோ பெரும்பாலும் தவறிய பின்னர் உள்ள கடமைகளாலேயே நிரம்பியது. உற்ற வேளையிற் செல்லாதவன் காலந்தாழ்த்தேனும் செல்லுதலும், உடைத்தவன் ஈடு செய்தலும், ஊறு செய்தவன் பொறுத்தருள வேண்டுதலும் எல்லாம் இவ்வினத்தன. தவறே நேராத உலகிற்கு வகுத்த அறம் கட்டிலருகே வந்தவுடன் ஊமையாய்விடும்.

இக்குறையினை நீக்குதற்கு அறிஞர் பல வழி கண்டனர். அவற்றுள் ஒன்று, ஒரு விதியினை முற்றும் விலக்கரியதாகக் கொள்ளாது, தடை நேராதவழி நிற்பதாகக் கொள்ளுதல். கனடா நாட்டில் இருந்த ரேமண்ட் ரைட்டர் 1980-இல் இதற்கொரு முறை வகுத்தார். பறவை பறக்கும் என்பது பொது. பென்குயின் என்பது தெரியவரின் அத்துணிபு பின்வாங்கும். நம் இலக்கண உரையாசிரியர்களைப் பயின்றார்க்கு இது புதிதாகத் தோன்றாது. பொதுவிதி ஒன்று கூறி, பின்னர் வரும் நூற்பாவினை "எய்தியது விலக்கல்" என்றும், "எய்தியது விலக்கிப் பிறிது விதி வகுத்தல்" என்றும், எஞ்சியவற்றைத் தழுவப் "புறனடை" என்றும் அவர்கள் பெயரிட்டு வழங்கினர். ஒரு விதி எவ்வளவில் நிற்கும், எவ்விடத்துப் பிறிதொன்றற்கு இடங்கொடுக்கும் என்பதை முன்னரே எழுத்தில் வரையறுத்தல் அவர்க்கு நாளும் பழகிய தொழில்.

மீமாம்சை நூலாரும் இத்துறையில் நெடுந்தொலை சென்றவர். எவ்வுயிர்க்கும் ஊறு செய்யலாகாது என ஓரிடத்தும், பகைவனை அழிக்க விழைவான் சியேனம் என்னும் வேள்வியினைச் செய்க எனப் பிறிதோரிடத்தும் வேதத்திற் காணப்படுதலின், இவை முரணாவோ என்னும் வினா அவர்களிடை நெடிது ஆராயப்பட்டது. பின்னது எல்லார்க்கும் உரியதன்று, அவ்விழைவு உடையானை மட்டும் நோக்கியது எனப் பிரித்துக் காட்டி அவர்கள் அம்முரணை விலக்கினர். வியன்னா நகரத்து அளவை நூலாராகிய அகாதா சியாபத்தோனி முதலியோர், மீமாம்சை பயின்ற எலிசா பிரெஸ்கியோடு கூடி, இம்முறையினைக் குறியீட்டு அளவையாக அமைத்து 2015-இல் வெளியிட்டனர். பழைய நூல்களை நம்மவர் மேனாட்டார்க்கு முன்னரே எல்லாம் அறிந்தார் எனப் பெருமை பேசுதற்கு மட்டும் எடுப்பார் பலர். அந்நூல்களின் நெறியை நுணுகிக் கற்று இன்றைய வினாவிற்குப் பயன்கொள்வார் சிலர். அச்சிலர் வியன்னாவில் இருப்பதைப் பற்றி யாம் மேலும் கூறவேண்டுவதில்லை.

இனி, மூதாட்டிபாற் செல்வாம். பாவைக்கு மூன்று விதிகளை ஊட்டியுள்ளார் எனக் கொள்க: பொய் கூறலாகாது, துன்பம் விளைக்கலாகாது, வினவியதற்கு விடை கூறல் வேண்டும். இல்லத்தார் இம்மூன்றனையும் ஒப்புவர், யாரும் ஒப்புவர். ஆயின் அம்மாலைப் பொழுதில், "வந்துவிட்டாரா" என்னும் வினாவின் முன், மூன்றும் ஒருங்கு நிற்கமாட்டா. முரண்பட்ட மேற்கோள்களினின்று எதனையும் முடிவாகப் பெறலாம் என்பது வழக்கிலுள்ள அளவை நூலின் துணிபு. ஆகவே முரணுடைய விதிகளைச் சுமந்து நிற்கும் பாவையினிடம், மூதாட்டியைக் கட்டிப்போடுதலும் விதியே என நிறுவுதலும் வாய்பாட்டளவில் இயலும்.

இதனைக் கேட்டார், அளவை நூல் பயனிலது எனத் துணிதல் கூடும். யாம் இதனையே அதன் முதற்பயன் என்போம். எங்ஙனமெனின், மூன்று விதிகளும் முரணுவன என்பது பாவை அவ்வில்லத்துள் அடியெடுத்து வைக்குமுன்னரே குறியீட்டாற் புலப்படும். செவிலியர் பல்லாண்டாக ஆளுக்கொரு வழியாக மறைவிற் செய்து வந்ததனை, இல்லத்தார் இப்பொழுது ஒருங்கிருந்து எழுத்தில் தீர்க்கவேண்டியவராகின்றனர். அளவை நூல் அவர்க்கு விடை தருவதன்று. விடை தாராது ஒளிந்திருக்கும் வாயிலை அடைப்பது. லூயிஸ் டென்னிஸ், மைக்கேல் பிஷர் முதலிய ஆங்கில நாட்டு ஆராய்ச்சியாளர் 2016-இல் வெளியிட்டதும் இவ்வகையினதே. எந்திரத்தின் துணிபு முறையினைக் குறியீட்டில் அமைத்து, நேரக்கூடிய நிலைகளை எல்லாம் கணிப்பொறியால் ஒவ்வொன்றாக ஓட்டி, யாண்டேனும் அது தன் விதியைப் பிறழ்கின்றதா எனத் தேர்ந்து காணும் முறை அது. பத்து முறை ஓட்டிப் பார்த்தேம், தவறிலது என்பார் கூற்றிற்கும், அமைத்த நிலைகளுள் தவறுதற்கு வழியே இல்லை என நிறுவுவார் கூற்றிற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

அற்றேல், திருவள்ளுவர் இதற்கு வழி காட்டிவிட்டாரே. பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என வரையறுத்தாரன்றோ. அதனைப் பாவைக்கு ஊட்டின் முரண் நீங்குமன்றோ எனின், முரண் நீங்கும் என்பது உண்மை. பொய் கூறலாகாது என்பதும் துன்பம் விளைக்கலாகாது என்பதும் அவ்வரையறையில் ஒன்றாய்விடும். ஆயின், பொய்ம்மை வாய்மையின் இடத்தை எய்துதற்கு அது பயக்கும் நன்மை குற்றம் நீங்கியதாதல் வேண்டும் என ஆசிரியர் அடுத்தே வரம்பு கட்டினார். அந்நன்மை குற்றம் நீங்கியதா என்பதைத் துணிபவர் யார்? அமைதியாக உறங்கியது நன்மையா? இல்லாத கணவருக்காக வாயிலை நோக்கிக் காத்திருக்க வைத்தது குற்றமா? விதியளவில் இருந்த இடர் இப்பொழுது நிகழ்ச்சியளவிற்கு இடம்பெயர்ந்ததேயன்றி ஒழிந்ததன்று.

இந்த இடப்பெயர்ச்சியை மக்கள் எளிதிற் கவனிப்பதில்லை. மலை தீயுடைத்து, புகையுடைமையின் என்னுங் கருதலில், பனியினைப் புகையென மயங்கினால் கருதல் முறையிற் பிழையில்லாதவழியும் முடிவு பொய்யாம் என்பது அளவை பயின்ற இளைஞரும் அறிவர். பாவையின் காட்சி அதன் ஒளிப்படக் கண்ணாலும் ஒலி வாங்கியாலும் ஆவது. அக்கண் காட்டிய உருவினை, "இவள் அழுகின்றாள்" என மொழிபெயர்த்துத் தருவது அளவை நூலன்று. எண்ணிறந்த படங்களைக் கண்டு பழகிய வேறொரு கணிப்பு முறை. முதுமையாற் கண்ணில் நீர் வடிதலும் உண்டு. அழுகையை உள்ளடக்கி முகம் வாளா இருத்தலும் உண்டு. ஆகவே மேலே எத்துணை உறுதியான வாய்பாட்டினைக் கட்டினும், அதன் அடித்தளம் "இவ்வாறிருக்கலாம்" என்பதன் மேலேயே நிற்கின்றது. இதனை மறைத்து, எம் பாவை அளவை நூலால் இயங்குவது, ஆதலிற் பிழைபடாது என விற்பனை செய்வார் கூற்றினை நம்புதல் கூடாது.

அளவை நூலை அடக்கத்தோடு கையாண்டதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்க நாட்டில் உண்டு. மைக்கேல் ஆண்டர்சன் என்னும் கணிப்பொறி அறிஞரும், சூசன் லீ ஆண்டர்சன் என்னும் மெய்ந்நூல் ஆசிரியரும் இருபதாண்டுக்கு மேலாக இத்துறையில் உழைத்தவர். நாவோ என்னும் இரண்டடிக்குச் சற்றே குறைந்த உயரமுள்ள பாவைக்கு, முதியோர்க்கு மருந்து நினைவூட்டும் பணியினைக் கற்பித்து 2010-இல் அதனை உலகிற்கு அறிவித்தனர். நினைவூட்டியும் முதியவர் மருந்தினை மறுப்பாராயின் யாது செய்வது? மீண்டும் மீண்டும் நச்சரித்தல் அவர்தம் உரிமையைக் குறைக்கும். வாளா இருப்பின் நோய் மிகும். மருத்துவர்க்கு அறிவித்தல் ஒருவகையில் அவர்மேற் கோள் சொல்லுதலாம். ஆண்டர்சன் இருவரும் மருத்துவரிடமிருந்து இவற்றைக் கேட்டுப் பாவைக்கு ஊட்டினர்: மருந்து உண்ணவேண்டிய வேளை யாது, உண்ணாவிடின் நேரும் பெருங்கேடு எவ்வளவு, அஃது எத்துணை மணியில் நேரும், உண்பதால் வரும் நன்மை எவ்வளவு, எத்துணை மணியில் அந்நன்மை கைநழுவும். நன்மை பயத்தல், தீமை தடுத்தல், முதியவரின் விருப்பினை மதித்தல் என்னும் மூன்று கடமைகளும் மணிதோறும் இவற்றிற்கேற்ப ஏறியும் இறங்கியும் நிற்கும். இவற்றுள் எது எப்பொழுது மேம்படும் என்னும் நெறியினை அவர்கள் தாமே எழுதிவிடவில்லை. அறநூல் வல்லார் ஒருப்பட்டுத் தீர்ப்புக் கூறிய சில நிலைகளைக் காட்டி, அவற்றினின்று பொதுவிதியினைப் பொறியே கண்டெடுக்குமாறு செய்தனர். கண்டெடுத்த விதி மக்கள் படித்தறியும் வடிவில் அமைந்தது என்பதே இதன்கட் சிறப்பு. தவறு எனின் இவ்விடத்துத் தவறு எனச் சுட்டிக்காட்டலாம். ஒருப்பட்டுத் தீர்ப்புக் கூற அறநூல் வல்லாரே இயலாத நிலைகளை அவர்கள் பாவையின் பொறுப்பில் விட விரும்பவில்லை. நம் மூதாட்டியின் வினா அவ்வாறு விடற்பாலதன்று என்பது எம் கருத்து.

இரு கடமைகள் நிகராய் நின்றுவிடின் பொறி யாது செய்யும் என்பதையும் அறிந்துவைத்தல் நன்று. ஐசக் அசிமோவ் 1942-இல் எழுதிய கதையொன்றில், ஏவலுக்குக் கீழ்ப்படிதலும் தன்னைக் காத்தலும் ஒத்த வலியினவாய் நிற்க, ஓர் எந்திரம் புதன் என்னுங் கோளில் ஒரு குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். அது கற்பனை. 2014-இல் பிரிஸ்டல் நகரத்து ஆய்வுக்கூடத்தில் ஆலன் வின்பீல்ட் என்பார் சிறு எந்திரம் ஒன்றற்கு, மனிதர்க்குப் பதிலாக நிறுத்தப்பட்ட பிற எந்திரங்கள் குழியில் வீழாமற் காக்கும் விதியினை ஊட்டினார். குழியை நோக்கி ஒன்று வந்தபொழுது அதனைத் தவறாது காத்தது. இரண்டு ஒருங்கு வந்தபொழுது, 33 முறையுள் 14 முறை, இதனைக் காப்பதோ அதனைக் காப்பதோ எனத் தடுமாறி நின்று, இரண்டனையும் குழியில் வீழவிட்டது. நிகராய் நின்றவிடத்து யாதானும் ஒன்றனைப் பற்றுக என ஒரு விதியினைச் சேர்த்திருப்பின் அது நின்றிராது. ஆயின் அவ்விதி அறநூலிலிருந்து வருவதன்று. பொறியினை வகுத்தவன் தன் மனம்போல் இடுவது. அவன் இட்டது அறம்போல் நடமாடும்.

அதே வின்பீல்ட், வாண்டரெல்ஸ்ட் என்பாரோடு கூடி 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கிற்று. மனிதன் ஒருவனுக்கு நலஞ்செய்யுமாறு அமைத்த அறவெந்திரத்தில், நெறிமொழியினைச் சிறிதே மாற்றினர். முன்னர் உதவிய எந்திரம், இப்பொழுது அவனை ஏமாற்றித் தன் ஊதியத்தை நாடிற்று. கேட்கும் பொறி அதுவே. கருதும் முறை அதுவே. வருங்கேட்டினை முன்னறியும் ஆற்றலும் அதுவே. மாறியது, யாருடைய நலம் நோக்கப்படும் என்னும் ஒன்றே. கூர்மை வேறு, அறம் வேறு என்பது இதனால் நன்கு புலனாகும். அரசன் கோயில் கட்டினான் எனின் ஏவுதற் கருத்தா என்றும், தச்சன் கட்டினான் எனின் இயற்றுதற் கருத்தா என்றும் இலக்கண நூலார் பகுப்பர்; உளியினைக் கருத்தாவென்னாது கருவி என்பர். எந்திரப் பாவை எத்துணை நுட்பமாகக் கருதினும் உளியின் வரிசையிலேயே நிற்பது. நாளும் முகம்பார்த்துப் பேசுதலின் அதனைக் கருத்தா என மயங்குகின்றோம். அம்மயக்கம் ஏவினார்க்கு மிக வாய்ப்பானது; பழி நேருங்கால் உளியைக் காட்டித் தப்பலாம்.

இக்காலத்தில் இவ்வளவை நூல் எல்லாம் வேண்டா என்பாரும் உளர். மக்கள் எழுதிக் குவித்த நூல்களை எல்லாம் கற்று, கேட்டவற்றிற்கு இனிமையாக விடை கூறும் மொழிப்பொறிகள் தோன்றிவிட்டன; அவற்றைப் பாவையின் வாயில் அமைத்துவிடின், மூதாட்டிக்கு எந்தச் செவிலியினும் நயமாக மறுமொழி கூறும் என்பர். நயமாகக் கூறும் என்பதை யாமும் மறுக்கவில்லை. வாய்பாட்டினாற் பேசுவதினும் அதன் பேச்சு அவளுக்கு ஆறுதல் தருதலும் கூடும். ஆயின் நேற்று உண்மை கூறியது இன்று பொய் கூறியது ஏன் எனக் கேட்டால், அது கூறும் காரணமும் நயமாகப் பின்னர்ப் புனைந்ததாதல் கூடும். அதனை இயக்கியது அக்காரணமே என்பதற்கு உறுதியில்லை. ஏது இன்றி முடிவு மட்டும் உரைப்பாரை அவையில் ஏற்பதில்லை. ஆதலின், பேச்சினை மொழிப்பொறிபால் விடினும், பேசப்படுவது எவ்வரம்பினுள் நிற்றல் வேண்டும் என்பதை வெளிநின்று காக்கும் வேலியாக அளவை நூல் அமைதல் வேண்டும் என்பது எம் துணிபு. அவ்வேலி விரிவானதாதல் வேண்டுவதில்லை. எவ்வினாக்களைப் பாவை தானே தீர்க்கலாகாது, யாரை அழைத்தல் வேண்டும், செய்ததனை யாண்டுப் பதிதல் வேண்டும் என்னும் சில விதிகள் முரணின்றி அமைந்தாற் போதும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய செயற்கை அறிவுச் சட்டம், மக்களோடு உரையாடும் எந்திரம் தான் எந்திரமே என்பதை அவர் அறியுமாறு அமைக்கப்படல் வேண்டும் என விதிக்கின்றது. நல்ல விதி. ஆயின் நம் மூதாட்டிக்குக் காலையில் அறிவித்தால் மாலையில் அது நினைவிராது. பாவையினை மகள் என்றோ மருமகள் என்றோ கொண்டு அதன் கையைப் பற்றிக்கொண்டுதான் அவள் கணவரைப் பற்றிக் கேட்பாள். அறிவித்தல் வேண்டும் என்னும் விதி, ஒருமுறை அறிவித்தலால் நிறைவேறுமா, அவள் மறக்குந்தோறும் அறிவித்தலால் நிறைவேறுமா? இதனைச் சட்டத்தின் சொற்களை மட்டும் கொண்டு தீர்த்தல் அரிது.

எனின், இம்மாலைக்கு விடை யாதெனின், எமக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. மறதி நோய் ஒருநாளில் முற்றுவதன்று. தொடக்கத்தில், தனக்கு வருவது யாது என நோயாளி தெளிவாக அறியும் காலம் பெரும்பாலும் உண்டு. அப்பொழுதே அவளைக் கேட்கலாம்: "நீங்கள் அவரது மறைவை மறந்து, அவரைத் தேடி வினவும் நாள் வரின், யாங்கள் யாது கூறல் வேண்டும்?" உண்மையே கூறுக என அவள் உரைக்கலாம், கூறவேண்டா என உரைக்கலாம், என் மகளை அழைத்து அவளைக் கூறச்செய்க எனவும் உரைக்கலாம். அவ்வுரையினை, இன்ன நிலை நேரின் இன்னது செய்க என்னும் வடிவில் எழுதிப் பாவைக்கு ஊட்டுதல் கடப்பாட்டு அளவைக்கு எளிது. அதற்காகவே வகுக்கப்பட்டது போன்ற பணி அது. அப்பொழுது பாவை கூறுவது அதனை வகுத்த நிறுவனத்தின் அறமாகாது, இல்லத்தாரின் வசதியுமாகாது. அவளே தன் பிற்காலத்திற்கு விதித்துக்கொண்டதாகும். அன்று உண்மையே கூறுக என விதித்தவள், இன்று அதனைக் கேட்டு அழுது, இனிக் கூறாதே எனக் கெஞ்சினால், முன்னவள் சொல் நிற்குமா பின்னவள் சொல் நிற்குமா எனக் கேட்கலாம். அவ்விடத்துப் பாவை அமைதியாகச் செவிலியை அழைத்தல் வேண்டும். செவிலி வரும்வரை அம்மூதாட்டியின் கையினைப் பற்றிக்கொண்டிருத்தல் எவ்விதியோடும் முரணாது.